பத்துத் தலைமுறைச் சூட்டர்கள்

கொலினின் தகப்பனிடம் அப்பா அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்தால் போதும். காலையிலிருந்து வதனிக்கு வேறு நினைப்பில்லை. கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினாள். முன்னறைத் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள், மூடினாள், திரும்பவும் விலக்கினாள்.

"ஏன் பிள்ளை அந்தரப்படுறாய்? வாறதும் மனுசர்தானே," என்றார் அம்மா, வடை தட்டியபடி.

"அப்பா என்ன கேப்பார் எண்டு உங்களுக்குத் தெரியாதே அம்மா?"

"கேட்டால் கேக்கட்டும். அந்த மனுசனுக்கு விளங்கினால்தானே மறுமொழி சொல்ல."

அம்மா சொன்னதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: எந்த இடம், ஆற்றை ஆக்கள்? இரண்டாவது, சாதியை மறைமுகமாகக் கேட்பது. அந்த இரண்டுக்கும் பதில் சரியாக வந்தால்தான் படிப்பு, வேலை, சாதகம் எல்லாம். லண்டன் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து ஏழு வருடமாகியும் அப்பா அதை மாற்றிக்கொள்ளவில்லை. வதனி வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகள் தீட்டுகிறவன் கொலின் சூட்டர். இரண்டு வருடப் பழக்கம். பெடியன் நல்லவன் என்று அப்பாவே சொல்லிவிட்டார். ஆனால், "விசாரிக்காமல் ஒண்டும் செய்யேலாது," என்றும் சொல்லியிருந்தார். செப்டம்பர் பதினாலாம் திகதிக்கு, ஆவணி முகூர்த்தத்துக்கு, மண்டபம் எடுத்தாயிற்று. அன்றைக்கு அப்பா மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது ஜூலை. அவர் வாயால் ஓம் என்ற சொல் இன்னும் வரவில்லை.

அப்பாவின் பெயர் அம்பலவாணன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். இப்போது ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் செட்டில் காசு வாங்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் ஷிப்ட் வேலை. விசாரிப்பது என்றால் அவருக்குப் பதிவுப் புத்தகத்தைத் திறப்பது மாதிரி. உள்ளதைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்.

மூன்று மணிக்குக் கொலினும் தகப்பனும் வந்தார்கள். ரொனல்ட் சூட்டர் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடம். நீண்டு மெலிந்த மனிதர். வடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, ஓட்டை எதற்கு என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலிசில், "ஃபோர் குக்கிங் இன்சைட்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வதனிக்கு மூச்சு வந்தது.

அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் சூட்டர், உங்கள் பூர்வீக இடம் எது? உங்கள் ஆட்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மிஸ்டர் சூட்டர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. போச்சு, கோபம் வந்துவிட்டது என்று வதனி நினைத்தாள். அவர் எழுந்தார்.

"இருபது வருடமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் நின்ற காரை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

கொலின் கையால் நெற்றியைப் பிடித்தான். "ஐயோ. சுருளைக் கொண்டுவந்திருக்கிறார்."

"என்ன சுருள்?"

"எங்கள் குடும்பத்து மரம். சொல்லியிருந்தால் நீ என்னைக் கட்டச் சம்மதித்திருக்க மாட்டாய்."

சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருள் ஒன்று தோளில் சாய்ந்திருக்க அவர் திரும்பி வந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழிருந்து சாமிப்பட மூலை வரைக்கும் அதைத் தரையில் உருட்டி விரித்தார். சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் அம்மாவின் வடைத் தட்டுகளை வைத்தார்கள். காகிதத்தின் வெறும் பக்கம் முழுக்கக் கறுப்பு மையில் பெட்டி பெட்டியாகப் பெயர்கள், திகதிகள், கோடுகள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தார். அவர் முகத்தில் வதனி பல வருடங்களாகக் காணாத ஒரு களை. பதிவேட்டை வாசிக்கிற மனிதரின் களை.

"நோர்தம்பர்லண்ட்," என்றார் மிஸ்டர் சூட்டர். "ஸ்கொட்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறில் இருந்து விட்டுப்போகாமல் ஒன்பது தலைமுறை. இதோ இவன் ஆடு திருடிச் சிறைக்குப் போனவன். இவள் கலியாணம் முடிக்காமலே இரண்டு பிள்ளை பெற்றவள். எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவரை விட்டாலும் இது மரமில்லை, சும்மா காகிதம்."

அப்பாவின் விரல் பெட்டிகளின் மேல் ஊர்ந்து ஒரு சொல்லில் நின்றது. அந்தச் சொல் அடுத்த பெட்டியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"கோட்வெய்னர். இது என்ன உத்தியோகம்?"

"சப்பாத்துத் தைக்கிறவர்! தோல் வேலை." மிஸ்டர் சூட்டரின் குரல் உயர்ந்தது. "அதைவிட விசேஷம், சூட்டர் என்ற பெயரே அதுதான். பழைய ஆங்கிலத்தில் சப்பாத்துத் தைக்கிறவனுக்குச் சூட்டர் என்று சொல். லத்தீனில் இருந்து வந்தது. தொழில்தான் எங்களுக்குப் பெயர். பெயருக்குப் பொருத்தமாக ஒன்பது தலைமுறையும் தோலை விடவில்லை. அதற்குப் பிறகு, என் தகப்பனார்தான் முதலில் ரயில்வேக்கு வந்தவர்."

அப்பா விரலை எடுத்தார். வேட்டி கட்டியிருந்தால் அதில் துடைத்திருப்பார். காற்சட்டையில் துடைத்தார்.

"இன்னொரு வடை எடுங்கோ," என்றார் அம்மா எல்லோருக்கும் பொதுவாக.

அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் அப்பா கதிரையில் இருந்தபடி சொன்னார்: "ஒன்பது தலைமுறை! ஒருத்தன் எண்டாலும் வேற வேலைக்குப் போயிருக்கக் கூடாதே?"

"அவர் சிக்னல்காரர் அப்பா. கொலின் கண்ணாடி செய்யிறான்."

"அது வேலை, பிள்ளை. நான் கேட்டது ஆக்களை."

"நீங்கள் பெற்றோல் செட்டில நிக்கிறியள். அது வேலையோ, ஆக்களோ?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தது. அப்பா கதிரையைப் பின்னே தள்ளினார். எழுந்து தோட்டத்துக்குப் போய், வளர்ந்திராத புல்லை ஒரு மணித்தியாலம் வெட்டினார்.

"ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. அந்தப் பெயருக்கு என்ன கருத்து எண்டு லண்டனில எந்தத் தமிழனுக்குத் தெரியும்?"

"உன்ரை கொப்பருக்குத் தெரிஞ்சு போச்சே," என்றார் அம்மா. பிறகு தனக்குத்தானே போல, "உலகத்தில எத்தினை தொழில் கிடக்கு. திரும்பவும் செருப்புத்தானோ வரவேணும்," என்றார்.

"திரும்பவும் எண்டால்?"

"ஒண்டுமில்லை. அந்தத் தட்டுகளை எடு."

அடுத்த ஞாயிறு வரைக்கும் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் நேராக வாண்டில் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனார். வதனி மண்டபக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பெயர்ப்பட்டியலை எழுதினாள், கிழித்தாள். அப்பா இல்லாமலே பதிவுத் திருமணத்தை முடித்துவிடலாம் என்று கொலின் சொன்னபோது அவனோடு சண்டை பிடித்தாள். அவர் வராவிட்டால் தாரை வார்க்க யார்? அம்மாவின் தமையன் கனடாவில். வேறு ஆட்கள் நின்று அவளைக் கொடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்ட்ரெதமில் கடை வைத்திருக்கும் செல்வரத்தினம் மாமா, அப்பாவின் ஊர்ச் சிநேகிதர், தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். அவர் குரல் குசினிவரை கேட்டது.

"அண்ணை, அவசரப்படாதையுங்கோ. ஒன்பது தலைமுறைக்கு முன்னம் என்னவாம்? வயல், கமம் செய்த பெரிய ஆக்களாய் இருப்பினம். காணி பறிபோய், பஞ்சத்துக்குச் சப்பாத்துத் தைக்கப் போயிருப்பினம். எங்கடை ஊரிலயும் நொந்துபோன கமக்காரர் இருக்கினம்தானே? அதுக்கு முன்னுக்குப் பாருங்கோ."

அப்பா தொலைபேசியை வைத்தார். பிறகு மிஸ்டர் சூட்டரின் இலக்கத்தை அவரே சுற்றினார். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறுக்கு முன்னால் அவர்கள் யார் என்பதைத் தேட முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

அன்று பின்னேரம் கொலின் வதனியிடம் சொன்னான்: "என் அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சொந்தப் பிள்ளை நான்கூட ஒரு நாளும் கேட்டதில்லையாம். உன் அப்பா எவ்வளவு நல்லவர்!"

வதனி அவனைப் பார்த்தாள். வில்லைத் தூசி ஒட்டிய கையோடு அவன் சந்தோஷமாக நின்றான். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது? உன் வம்சத்தில் ஒரு கமக்காரன் கிடைத்தால்தான் என் அப்பா நம் கலியாணத்துக்கு வருவார் என்று சொல்வதா? "ஓம், நல்லவர்," என்றாள்.

சனிக்கிழமை அப்பா, மிஸ்டர் சூட்டர், வதனி மூவரும் நோர்தேர்ன் லைன் ரயிலில் நகரத்துக்குப் போனார்கள். வதனி லீவு எடுத்துக்கொண்டாள். இரண்டு கிழவர்களையும் தனியே விட அவளுக்குப் பயம். வம்சாவளி தேடுகிறவர்களுக்கென்றே இருந்த ஒரு நூலகம் அது. தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைப் படம் பிடித்துச் சுருள் சுருளாக வைத்திருந்தார்கள். ஒரு இயந்திரத்தில் மாட்டிக் கைபிடியைச் சுற்றினால் வெளிச்சத்தில் பக்கங்கள் ஓடும்.

மிஸ்டர் சூட்டர் சுற்றிக்கொண்டிருந்தார். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்தது மாதிரி. ஒரு மணித்தியாலத்தில் அவர் கண் சோர்ந்துவிட்டது. "நான் பார்க்கட்டுமா?" என்று அப்பா அந்தக் கதிரையில் இருந்தார்.

வதனி பின்னால் நின்று பார்த்தாள். அப்பா மிக வேகமாகச் சுற்றினார். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவனின் 'எஸ்' எப்படி வளைகிறது, அவன் எங்கே சோம்பேறித்தனமாகச் சுருக்கி எழுதுகிறான் என்று முதலில் பிடித்துக்கொண்டார். "இவன் கள்ளன்," என்றார் ஒரு இடத்தில். "ஒரு மாதத்துப் பதிவை ஒரே நாளில் இருந்து எழுதியிருக்கிறான். மை மாறவில்லை பாருங்கள்." மிஸ்டர் சூட்டர் வாயைப் பிளந்தார்.

"எப்படித் தெரியும்?"

"இப்படிப்பட்ட மூன்று பேர் எனக்குக் கீழே வேலை செய்தார்கள்."

இருவரும் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் அப்பாவின் கை நின்றது. "ஜோன்," என்று மரத்தின் உச்சிப் பெட்டியில் இருந்த பெயரை வாசித்தார். "தோமஸ் சூட்டரின் மகன். ஞானஸ்நானம் ஆயிரத்து அறுநூற்று அறுபத்தெட்டு." மிஸ்டர் சூட்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வதனி தன் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். தோமஸின் தொழில் அதே வரியில்தான் இருந்தது. அப்பா அதை வாசிக்கவில்லை. மூக்கு இயந்திரத்தின் திரையில் முட்டும்வரை குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"என்ன? என்ன எழுதியிருக்கிறது?"

வேறு எதையும் சொல்லியிருக்கலாம். மிஸ்டர் சூட்டரின் சோர்ந்த கண்ணுக்கு அந்தக் கையெழுத்து விளங்காது. விவசாயி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் எல்லாம் சரியாகியிருக்கும். அப்பாவின் உதடு ஒரு தரம் அசைந்தது.

"கோட்வெய்னர்," என்றார்.

"பத்து!" மிஸ்டர் சூட்டர் கத்தியேவிட்டார். "பத்துத் தலைமுறை!" அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அப்பா குலுக்கக் கொடுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே தேநீர்ச்சாலையில் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்ததும் மிஸ்டர் சூட்டர் பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார். வலப்பக்கம் முழுவதும் வெறும் பெட்டிகள்.

"இது வதனியின் பக்கம். இனி இரண்டும் ஒரே மரம்தானே? முதலில் எனக்கு ஒன்றை விளங்கப்படுத்துங்கள். உங்கள் குடும்பப்பெயர் அம்பலவாணன்."

"அது என் பெயர். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. என் தகப்பன் பெயர் சின்னப்பு. ஊரில் நான் சின்னப்பு அம்பலவாணன். மகள் அம்பலவாணன் வதனி. இங்கே படிவத்தில் கேட்டார்கள், கொடுத்தோம்."

"அப்படியானால் உங்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பெயரா?" மிஸ்டர் சூட்டர் பேனையைத் திறந்தபடி வியந்தார். "நாங்கள் அறுநூறு வருடமாக ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சரி. சின்னப்பு. பிள்ளைகள் எத்தனை பேர்? உங்களுக்குச் சகோதரர்கள்?"

"இல்லை," என்றார் அப்பா.

"சகோதரிகள்?"

அப்பா சாண்ட்விச் பொதியின் கடதாசியை நான்காக மடித்தார். "ஒருவரும் இல்லை. நான் ஒரே பிள்ளை."

ஒரே பிள்ளை என்று மிஸ்டர் சூட்டர் அழகாக எழுதினார். கறுப்பு மையில். அப்பா அந்தப் பேனையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மையிலா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லும்போது எனக்கு எதற்குப் பென்சில்? இவ்வளவு நேர்மையான கண் உங்களுக்கு."

ரயிலில் அப்பா உட்காரவில்லை. காலியான இருக்கைகள் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றார். கோலியர்ஸ் வுட்டில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் வதனி ஒன்றைக் கவனித்தாள். அப்பா சப்பாத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கமக்காரனைப் பற்றியும் பேசவில்லை. செல்வரத்தினம் மாமா தொலைபேசி எடுத்தபோது, "பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிட்டார். ஆனால் முன்னையை விட மோசமாக அலைந்தார். சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். பெற்றோல் செட்டில் மிச்சக் காசை மாறிக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். ஒரு நாள் அவளிடம், "அந்த மனுசன் அந்தப் பேப்பரைக் கொப்பி எடுத்து ஆருக்கும் அனுப்பியிருப்பானோ?" என்று கேட்டார்.

"எந்தப் பேப்பர்?"

"சரி விடு."

மண்டபக்காரர் பெயர்ப்பட்டியலைக் கேட்டு இரண்டாம் தரமும் போன் எடுத்தார். வதனிக்குப் பொறுமை போனது. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேசையில் அழைப்பிதழைக் கொண்டுபோய் வைத்தாள்.

"அப்பா, இண்டைக்குச் சொல்லுங்கோ. வாறியளோ இல்லையோ? நீங்கள் வராட்டி நான் தாலி கட்டிக்கொள்ள மாட்டன். சும்மா பதிவு மட்டும் செய்துபோட்டுப் போறன். அதுவும் உங்களுக்கு வேண்டாமெண்டால் அதையும் சொல்லுங்கோ."

அப்பா அழைப்பிதழைப் பார்க்கவில்லை. "நான் ஒரு பொய்ப் பதிவு போட்டிட்டன் பிள்ளை," என்றார்.

அம்மா குசினியில் அடுப்பை நிற்பாட்டினார். சட்டியின் சத்தம் அடங்கியது.

"இருபத்திரண்டு வருசத்தில ஒரு பொய்ப் பதிவு நான் போட்டதில்லை. ஆக்கள் அழுதிருக்கினம், பயமுறுத்தியிருக்கினம். போடேல்லை. இப்ப ஒரு சாண்ட்விச்சை முன்னால வைச்சுக்கொண்டு போட்டிட்டன். அதுவும் மையால."

"அந்தாள் சும்மா பொழுதுபோக்குக்கு எழுதுறார் அப்பா."

"பதிவு பதிவுதான்."

அம்மா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் கோதுமை மா டின். மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய நீல ஏரோகிராம்களை எடுத்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார். வதனிக்கு அந்தக் கடிதங்களைத் தெரியும். வருடத்துக்கு இரண்டு வரும். மன்னாரிலிருந்து. என்னோடை படிச்ச தவநாயகி எண்டு ஒரு ஆள், என்று அம்மா சொல்லியிருந்தார்.

"உங்கடை தங்கச்சியை நீங்கள் மறந்தாலும் அவள் எங்களை மறக்கேல்லை, இஞ்சேருங்கோ," என்றார் அம்மா. "இருவது வருசமாய் அவளை இல்லையெண்டு சொன்னனீங்கள். ஊருக்குச் சொன்னனீங்கள், எனக்குச் சொன்னனீங்கள். அப்பெல்லாம் வராத துடிப்பு, ஒரு வெள்ளைக்காரன்ரை பேப்பரில எழுதினவுடனே வந்திட்டுதோ?"

வதனி கதிரையில் இருந்துவிட்டாள். தனக்கு ஒரு மாமி இருக்கிறார் என்பதை இருபத்திரண்டு வயதில் ஒரு மா டின்னிலிருந்து தெரிந்துகொள்ள நேர்ந்தது.

அப்பா மெதுவாகச் சொன்னார். 1971இல் அவருடைய தங்கச்சி தவநாயகி, சவிரிமுத்து என்ற வாத்தியாரைக் கலியாணம் முடிக்கப் போவதாக விவாக அறிவித்தல் கொடுத்தாள். அந்தக் கடதாசி அப்பாவின் மேசைக்கே வந்தது. சவிரிமுத்து நன்றாகப் படித்தவர். ஆனால் அவருடைய தகப்பன் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்து செருப்புத் தைத்தவர். அப்பா கடதாசியைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கலியாணம் பதிந்த பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்.

"அந்தப் புத்தகத்தில அந்தப் பக்கத்தை மட்டும் நான் ஒருநாளும் திறக்கேல்லை," என்றார். "அவளின்ரை பேர் அதில சரியாய் எழுதுப்பட்டுதோ எண்டும் பாக்கேல்லை."

"இப்ப எங்கை இருக்கிறா?" என்று வதனி கேட்டாள்.

"போன வருசச் சண்டைக்குப் பிறகு மடுவில, அகதி முகாமில," என்றார் அம்மா. "பெப்ரவரியில ஒரு கடிதம் வந்தது. பேந்து இல்லை. கடைசிக் கடிதத்தில உன்னைத்தான் கேட்டிருந்தா. பிள்ளைக்குக் கலியாணம் பேசுறியளோ எண்டு."

அப்பா ஒரு ஏரோகிராமைத் தூக்கினார். பின்பக்கத்து முகவரியை மட்டும் வாசித்தார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, வெளிநாட்டுக்கு வரும்போது கொண்டுவந்த கறுப்புப் பேனையையும் கோடு போடும் அடிமட்டத்தையும் எடுத்தார்.

"சூட்டர் வீட்டில நிப்பாரோ? போன் எடுத்துக் கேள் பிள்ளை. நீயும் வா. சாட்சி ஒண்டு வேணும்."

ஐம்பத்தேழாம் இலக்கப் பஸ்ஸில் இருவரும் மிஸ்டர் சூட்டர் குடியிருந்த ஸ்ட்ரெதமுக்குப் போனார்கள். டூட்டிங்கில் நெரிசல். பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தாலென்ன என்று அப்பா மூன்று தரம் கேட்டார். வதனிக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழைப்பிதழ் மேசையிலேயே கிடந்தது.

மிஸ்டர் சூட்டரின் சாப்பாட்டு மேசையில் சுருள் விரிந்தபடியே இருந்தது. வதனியின் பக்கத்துக் காகிதத்தை அவர் அதோடு அளவாக ஒட்டிவிட்டிருந்தார்.

"மிஸ்டர் சூட்டர், உங்களுக்கு நான் ஒரு பிழையான தகவல் தந்துவிட்டேன்," என்றார் அப்பா நின்றபடியே. "அதைத் திருத்த அனுமதி வேண்டும்."

"அதற்கென்ன? வெள்ளை மை இருக்கிறது, அழித்துவிடலாம்."

"இல்லை." அப்பாவின் குரல் கச்சேரிக் குரலாக மாறியது. "பதிவில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும்."

அடிமட்டத்தை வைத்து, 'ஒரே பிள்ளை' என்ற சொற்களின் நடுவே ஒரேயொரு கோடு போட்டார். கீழே இருந்த எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் இலக்கம் ஒன்று என்று போட்டு, சிறிய நேரான எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்: சகோதரி, தவநாயகி. பிறந்தது 1946. திருமணம் 1971, யாழ்ப்பாணம். கணவர் சவிரிமுத்து, ஆசிரியர். பேனை நின்றது. நிப்பின் நுனியில் மை ஒரு துளியாகத் திரள்வதை வதனி பார்த்தாள். பிறகு எழுதினார்: கணவரின் தகப்பன், சப்பாத்துத் தைப்பவர்.

கீழே கையெழுத்து. திகதி. "சாட்சி," என்று சொல்லிப் பேனையை வதனியிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மிஸ்டர் சூட்டர் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் ஒரு சத்தம் போட்டார்.

"சப்பாத்துத் தைப்பவர்! உங்கள் குடும்பத்திலுமா? இதை ஏன் இத்தனை நாளாக எனக்குச் சொல்லவில்லை? மனிதா, அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் தனியாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேனே!"

அப்பா அவரைப் பார்த்தார். விளங்கப்படுத்த வாய் திறந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவர் திணறுவதை வதனி கண்டாள். கொலினுக்கு முன்னால் அவளும் இப்படித்தான் திணறியிருந்தாள். கடைசியில் அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் பிழை."

மிஸ்டர் சூட்டருக்கு விளங்கியதோ இல்லையோ, அவர் ஒன்றும் கேட்கவில்லை. போய்த் தேநீருக்குக் கேத்தலை வைத்தார். "உங்கள் சகோதரிக்குப் பிள்ளைகள் உண்டா? கீழே இடம் விட வேண்டும்," என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"தெரியாது," என்றார் அப்பா. "விசாரிக்க வேண்டும்."

திரும்பும் வழியில் தபாற்கந்தோர் மூடுவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா உள்ளே போய் இரண்டு ஏரோகிராம் வாங்கி வந்தார். ஒன்றைச் சட்டைப் பைக்குள் பழைய கடிதத்தோடு வைத்தார்.

"மற்றது?" என்று வதனி கேட்டாள்.

"முதலாவது போய்ச் சேருதோ எண்டு ஆருக்குத் தெரியும். ரண்டு எழுதினால் ஒண்டெண்டாலும் போகும்." பஸ் தரிப்பில் நின்று தெருவைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார். "கலியாணத்துக்கு அவளால வர ஏலாது. அழைப்பிதழ் எண்டாலும் போகட்டும். உள்ளுக்கு வைச்சு அனுப்பேலாது, அதுக்கு வேற உறை வேணும்."

"நான் வாங்கித் தாறன்."

பஸ் வரவில்லை. அப்பா இரண்டு எட்டு முன்னே போனார், திரும்பி வந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, தாரை வார்க்கிறதுக்கு வீட்டில செம்பு கிடக்கோ? அம்மா அந்தப் பித்தளைச் செம்பை ஊரில விட்டிட்டு வந்தவா."

வதனி அவர் பக்கம் திரும்பினாள். "செல்வரத்தினம் மாமாவின்ரை கடையில இருக்கும்," என்றாள்.

"அப்ப வா. பக்கத்திலதானே. இப்பவே வாங்குவம்," என்று சொல்லி, பஸ்ஸுக்குக் காத்திராமல் அப்பா நடக்கத் தொடங்கினார். அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க அவள் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது. "செல்வரத்தினம் கேட்டால் சொல்லு," என்றார் திரும்பிப் பாராமலே. "சூட்டர் பகுதி பத்துத் தலைமுறையாய்ச் சப்பாத்துத் தைச்ச ஆக்கள் எண்டு. ஒன்பது இல்லை, பத்து. பத்தாவதைக் கண்டுபிடிச்சது நான்."